எந்த பிளாஸ்மா?

ரெண்டு மார்க் கேள்வி. "பிளாஸ்மா என்றால் என்ன?"

அவ்வளவுதான். முன்னாடி ஒரு வார்த்தை இல்ல, பின்னாடி ஒரு வார்த்தை இல்ல.

அக்கா பையன் எழுதியிருக்கான்: "ரத்தத்தில் உள்ள வெளிர் மஞ்சள் நிறத் திரவம். ரத்த அணுக்கள் இதில் மிதக்கின்றன."

கிடைச்சது முட்டை. சிவப்பு மையில, காம்பஸ் வெச்சு போட்ட மாதிரி அவ்வளவு உருண்டையா ஒரு முட்டை. ஏன்னா கேள்வி இயற்பியல் பகுதியில வந்துச்சாம். "பருப்பொருளின் நான்காம் நிலை"ன்னு எழுதியிருக்கணுமாம்.

பேப்பரை தூக்கிட்டு நேரா என்கிட்ட வந்துட்டான்.

"மாமா, நான் எழுதுனது தப்பா?"

"தப்பில்லடா. சரியான பதிலை தப்பான இடத்துல எழுதிட்ட."

"அப்ப ஒரு மார்க்காவது போட்டிருக்கணுமில்ல?"

(நியாயமான கேள்வி. நான் அவன் கட்சி. ஆனா அக்கா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்து முறைச்சதால வாயை மூடிக்கிட்டேன். படிச்சு முடிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.)

இது நடந்த அதே வாரம் எனக்கும் பிளாஸ்மாவோட ஒரு சோலி இருந்துச்சு. சொல்ல கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. முடி.

நாப்பத்தி ரெண்டு வயசு. நெத்தி வருஷா வருஷம் பின்னாடி நகர்ந்துக்கிட்டே போகுது. சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணித் தைலம், அரிசி கழுவுன தண்ணி எல்லாம் பாத்தாச்சு. வெங்காயச் சாறுல முடி வரல, வீட்டுல எல்லாரும் தள்ளி உக்காந்தாங்க, அவ்வளவுதான் பலன். கடைசியா நம்ம ஊர்ல (கோயமுத்தூர்) ஒரு கிளினிக். பேரு வேண்டாம். ஏசி, சோஃபா, கிரீன் டீ, கையில ஒரு ரேட் கார்டு.

அந்த ரேட் கார்டுல ஆறாவது வரி: பிளாஸ்மா ஹேர் தெரபி.

பதினோராவது வரி: பிளாஸ்மா பென். மரு, மச்சம், கண்ணுக்கு மேல தொங்குற தோலு, இதுக்கெல்லாமாம்.

"ஏம்மா, இது ரெண்டும் ஒண்ணா?"ன்னு ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுகிட்ட கேட்டேன்.

"ஆமா சார், ரெண்டுமே பிளாஸ்மாதான் சார். இது தலைக்கு, அது மூஞ்சிக்கு."

அங்கதாங்க எனக்கு சுருக்குன்னுச்சு. ஒண்ணு என் ரத்தத்துல இருந்து எடுக்கறது. இன்னொண்ணு பேனா முனைக்கும் தோலுக்கும் நடுவுல மின்பொறி பறக்க வெச்சு சுடுறது. ஒரே ரேட் கார்டுல ரெண்டு வெவ்வேற ஜாமான் ஒரே பேருல உக்காந்திருக்கு. விலை சொல்ற அந்தப் பொண்ணுக்கே வித்தியாசம் தெரியல. அக்கா பையனுக்கு மட்டும் முட்டை!

சரி, தலை விஷயத்தை முடிச்சிடறேன். கையில ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க. சின்ன குழாயில ஊத்தி ஒரு மெஷின்ல வெச்சு சுத்த விட்டாங்க. வாஷிங் மெஷின்ல துணி பிழியற மாதிரி, ஆனா அதைவிட பல மடங்கு வேகம். நின்னதும் குழாயை காட்டுனாங்க. அடியில கருஞ்சிவப்பு. நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளைப் படலம். மேல தெளிஞ்ச மஞ்சள். பாத்தா நல்லெண்ணெய் மாதிரி இருந்துச்சு.

அந்த மஞ்சள்தான் பிளாஸ்மா. நம்ம ரத்தத்துல பாதிக்கு மேல, சுமார் 55 சதவீதம், இதுதான். அதுல பத்துல ஒன்பது பங்கு வெறும் தண்ணி. மிச்சம் ஆல்புமின், குளோபுலின், ஃபைப்ரினோஜன்னு சில புரதங்கள், உப்பு, சர்க்கரை, ஹார்மோன். இவங்க எனக்கு போட்டது தட்டணுக்கள் அதிகமா சேர்த்த பிளாஸ்மா. தட்டணுக்கள்ல வளர்ச்சியை தூண்டுற சில புரதங்கள் இருக்கறதால, வேர்க்கால்ல போட்டா முடி முழிச்சுக்கும்னு ஒரு நம்பிக்கை. சிலருக்கு பலன் கிடைக்குது, சிலருக்கு கிடைக்கறதில்ல. நான் எந்த கட்சின்னு கடைசியில சொல்றேன்.

(இந்த மஞ்சள்ல இருந்து உறைய வைக்கிற சாமான்களை எடுத்துட்டா மிச்சம் சீரம். அந்த சீரமும் இப்ப மூஞ்சிக்கு பூசற பாட்டில் ஆயிடுச்சு. லத்தீன்ல சீரம்னா பால் திரிஞ்சதும் மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணி. அதை ஆரம்பிச்சா இன்னொரு பதிவு ஆயிடும், விடுங்க.)

மண்டை முழுக்க ஊசி குத்தின வலியோட வீட்டுக்கு வந்து அப்பா ரூம்ல படுத்தேன். தூக்கம் வரல. மேல பழைய ட்யூப்லைட். அப்பா இன்னும் சோக்கு, ஸ்டார்ட்டர் வெச்ச பழைய ட்யூப்பைத்தான் வெச்சிருக்கார். மாத்த விடமாட்டேங்கறார். கண்ணை மூடிட்டு யோசிச்சேன். ரத்தத்துக்கும் மின்பொறிக்கும் எப்படிடா ஒரே பேரு வந்துச்சு?

அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சவன் நாலு நாள் நிறுத்தல.

வேர் கிரேக்கத்துல இருக்கு. பிளாஸ்ஸைன்னு ஒரு வினைச்சொல். களிமண்ணை பிசைஞ்சு, அமுக்கி, உருவம் பிடிக்கறது. நாம பிள்ளையார் சதுர்த்திக்கு மண்ணுல பிள்ளையார் பிடிக்கறோமே, அந்த "பிடிக்கறது". அப்படி பிடிச்சு வெச்ச உருவந்தான் பிளாஸ்மா.

காலைல இதை அப்பாகிட்ட சொன்னேன். அவரு முப்பது வருஷத்துக்கு மேல பவுண்டரியில மோல்டர். பெட்டிக்குள்ள பேட்டர்ன் வெச்சு, மண்ணை கெட்டிச்சு, பேட்டர்னை அலுங்காம உருவி, கோர் வெச்சு, பெட்டியை மூடி, காய்ச்சின இரும்பை ஊத்தற வேலை. பேப்பரை மடிச்சு வெச்சுட்டு கேட்டார்:

"அப்ப நாங்க பாத்த வேலைக்குத்தான் அந்தப் பேரா?"

"ஆமாங்கப்பா."

"அந்தக் காலத்துல யாரும் சொல்லலையேடா. சொல்லியிருந்தா சம்பளத்தை கூட்டிக் கேட்டிருப்போம்."

இந்த வேர்ல இருந்து முளைச்ச சொந்தக்காரங்களை எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பிளாஸ்டிக், அதாவது நினைச்ச உருவத்துக்கு வளைஞ்சு கொடுக்கறது. பிளாஸ்டர், சுவத்துல அப்பறது, ஒடஞ்ச கைக்கு போடறது. முட்டியில சிராய்ச்சா ஒட்டறோமே பிளாஸ்திரி, அதுவும் அந்த பிளாஸ்டரோட உடன்பிறப்புதான். ரத்தம் வந்தா ஒட்டற பிளாஸ்திரியும் ரத்தத்துல இருக்கற பிளாஸ்மாவும் ஒரே தாய் பிள்ளைங்க. இதைப் படிச்சப்ப சேர்ல இருந்து எந்திரிச்சு நின்னுட்டேன். (பக்கத்துல ஆள் இல்ல. நல்ல வேளை.)

பிளாஸ்டிக் சர்ஜரியும் இதே கூட்டம். எங்க பெரியம்மா ஒருத்தங்களுக்கு பைக்ல இருந்து விழுந்து மூக்கு நசுங்கிடுச்சு. டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரின்னதும் ஒரே அழுகை. "கேரி பேக்கையெல்லாம் மூஞ்சியில வெச்சு தைக்காதீங்க சாமி"ன்னு. நாங்க சிரிச்சோம். ஆனா பெரியம்மா மேல தப்பில்ல, பேரு அப்படி. அந்த சர்ஜரியில பிளாஸ்டிக்கே இருக்கணும்னு இல்ல. உருவம் கொடுக்கற சர்ஜரின்னு அர்த்தம். அந்தப் பேரு வந்தது நம்ம வீட்டு பக்கெட்டு, குடம் எல்லாம் வர்றதுக்கு பல வருஷம் முன்னாடி.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு கதை இருக்கு. கொஞ்சம் சுத்திட்டு வரலாம், கோவிச்சுக்காதீங்க.

1792. திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை. ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டுன கோவாஸ்ஜின்னு ஒருத்தர் திப்பு ஆளுங்ககிட்ட மாட்டிக்கிட்டார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்து விட்டுட்டாங்க. ஒரு வருஷம் போல மூக்கில்லாம இருந்திருக்கார். அப்புறம் பூனா பக்கம் ஒருத்தர் அவருக்கு புது மூக்கு வெச்சார். முதல்ல மெழுகுல மூக்கு மாதிரி ஒண்ணு செஞ்சு பொருத்திப் பாத்து, அந்த மெழுகை தட்டையாக்கி நெத்தியில வெச்சு கோடு போட்டு, அந்த அளவுக்கு நெத்தித் தோலை உரிச்சு, ஒரு பக்கம் ஒட்டியிருக்க அப்படியே கீழ திருப்பி தெச்சுட்டார். பாத்துட்டு இருந்த ஆங்கிலேய டாக்டருங்க அசந்து போயிட்டாங்க. 1794 அக்டோபர்ல லண்டன்ல ஒரு பத்திரிகையில படத்தோட வந்து, அப்புறம் இங்கிலாந்துல டாக்டருங்க அதையே செஞ்சு பழகுனாங்க.

கதையில எனக்கு பிடிச்ச இடம் எது தெரியுமா? மூக்கு வெச்ச அந்த ஆள் செங்கல் அறுக்கற சமூகத்தை சேர்ந்தவர்னு அந்தப் பத்திரிகையிலயே போட்டிருக்கு.

மண்ணு பிசையற கை. கிரேக்கன் சொன்ன பிளாஸ்ஸைன், கன கச்சிதமா!

(அப்பாகிட்ட இதையும் சொன்னேன். மெழுகு மேட்டரை மட்டும் ரெண்டு தடவை கேட்டுக்கிட்டார். "பேட்டர்ன் வெச்சிருக்கான்டா"ன்னார். அவ்வளவுதான் அவர் விமர்சனம்.)

இன்னும் ஒரு சங்கதி. பழைய கிரேக்கத்துல பிளாஸ்மாவுக்கு "சும்மா ஜோடிச்ச கதை"ன்னும் ஒரு அர்த்தம் உண்டு. மண்ணுல உருவம் பிடிக்கற மாதிரி வாயாலயே பிடிக்கறது. அந்தக் கணக்குல "ஆறே மாசத்துல அடர்த்தியான முடி சார்"ன்னு கிளினிக்ல சொன்னாங்களே, அதுவும் பிளாஸ்மாதான்.

சரி, மண்ணுல பிடிச்ச உருவம் உடம்புக்குள்ள எப்படி போச்சு?

இங்கதான் யான் புர்கின்யே வர்றார். செக் நாட்டுக்காரர். சிறுமூளையில பெரிய பெரிய நரம்பு செல் இருக்கில்ல, அதுக்கு இவர் பேருதான். 1839ல கருவுக்குள்ள இருக்கற கொழகொழ பொருளுக்கு புரோட்டோபிளாசம்னு பேரு வெச்சார். முதன்முதலா உருவானது. சின்ன வயசுல கிறிஸ்தவத் துறவி மடத்துல படிச்சவர். அங்க லத்தீன்ல புரோட்டோபிளாஸ்ட்னா முதல் மனுஷன், ஆதாம். கிரேக்க பைபிள்ல கடவுள் ஆதாமை மண்ணுல செய்யற இடத்துலயும் நம்ம பிளாஸ்ஸைன்தான் வினைச்சொல். ஆக, செல்லுக்குள்ள இருக்கற கொழகொழப்புக்கு பின்னாடி ஆதாம் நிக்கறார். ஆதாமுக்கு பின்னாடி ஒரு மண் உருண்டை.

அதே நூற்றாண்டுலதான் ரத்தத்தோட மஞ்சள் பகுதிக்கும் பிளாஸ்மான்னு பேரு ஒட்டிக்கிச்சு. அது தானா உறைஞ்சு கெட்டியாகி ஒரு உருவத்துக்கு வருதில்ல? உடம்பையே கட்டறது அதுதான்னு அந்தக் காலத்துல நினைச்சாங்க.

அப்புறம் ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க. சைட்டோபிளாசம். மலேரியாவை கொண்டு வர்ற பிளாஸ்மோடியம் (ரொனால்ட் ரோஸ் 1897ல செகந்தராபாத்ல கொசு வயித்துல கண்டுபிடிச்சாரே, அதே கிருமிதான்). பாக்டீரியாவுக்குள்ள வளையமா சுத்தற பிளாஸ்மிட், 1952ல ஜோஷுவா லெடர்பெர்க் வெச்ச பேரு.

பேய்க்கும் ஒண்ணு உண்டு. எக்டோபிளாசம். அமீபாவோட வெளி அடுக்குக்கும் அதே பேருதான், ஆனா நான் சொல்றது வேற. ஆவி பேச வைக்கறவங்க இருட்டு ரூம்ல உக்காந்து வாயில இருந்தும் மூக்குல இருந்தும் வெள்ளையா ஏதோ வெளிய விடுவாங்க. அதுக்கு இந்தப் பேரை வெச்சவர் சார்ல் ரிஷே. பிரான்ஸ்காரர். 1913ல மருத்துவத்துக்கு நோபல் பரிசு வாங்கினவர்! ஒவ்வாமை ஆராய்ச்சியில கில்லாடி. அப்புறம் சோதிச்சுப் பாத்தா அந்த வெள்ளை பல தடவை மஸ்லின் துணி. நோபல் வாங்குனவரே துணியைப் பாத்து ஏமாந்திருக்கார், நான் ஒரு ரேட் கார்டைப் பாத்து ஏமாந்தது என்ன பெரிய குத்தம்?

இப்ப நம்ம பையனோட முட்டைக்கு வர்றேன்.

அமெரிக்காவுல ஸ்கெனெக்டடின்னு ஒரு ஊர். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடம் அங்க. அதுல இர்விங் லாங்முயர்னு ஒரு ஆள். குண்டு பல்புக்குள்ள மந்த வாயுவை அடைச்சு ரொம்ப நாள் எரிய வெச்சவர். 1932ல வேதியியல் நோபல். அவரு 1920கள்ல கண்ணாடிக் குழாய்க்குள்ள பாதரச ஆவியை வெச்சு கரண்ட் விட்டு விளையாடிட்டு இருந்தார். கரண்ட் போனா வாயு அணுவுல இருந்து எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு வரும். எலக்ட்ரான் ஒரு பக்கம், மிச்சமான அயனி ஒரு பக்கம், ரெண்டும் சரிக்கு சரியா கலந்து ஒரு கூட்டமா ஒளிரும். திடம், திரவம், வாயு மூணுலயும் அடங்காத இந்த சங்கதியை பத்தி வில்லியம் குரூக்ஸ் 1879லயே "இது பொருளோட நாலாவது நிலை"ன்னு பேசியிருந்தார். ஆனா மனசுல நிக்கற மாதிரி பேரு ஒண்ணும் அமையல.

ஒரு நாள் லாங்முயர், தன்கூட வேலை பாத்த லூயி டாங்ஸோட ரூமுக்குள்ள போய், ஒரு வார்த்தை வேணுமே, குழாய் ஓரத்துல இருக்கற பகுதிக்கு உறைன்னு சொல்றோம், நடுவுல இருக்கறதுக்கு என்ன சொல்லலாம்னு கேட்டிருக்கார். யோசிச்சு சொல்றேன்னார் டாங்ஸ். (நாம மேனேஜர்கிட்ட சொல்றமே, அதே பதில்தான்.) மறுநாள் லாங்முயரே வேகமா வந்து, கிடைச்சிடுச்சு, பிளாஸ்மான்னு வெச்சிடலாம்னுட்டார்.

ஏன் பிளாஸ்மா? அதே கூடத்துல இருந்த ஹெரால்ட் மாட்-ஸ்மித் 1971ல எழுதுன கடிதத்துல விளக்கியிருக்கார். அந்த ஒளிர்ற கூட்டம் வேகமான எலக்ட்ரான், அயனி, கண்ட அசுத்தம் எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு போறதைப் பாத்ததும், சிவப்பணு, வெள்ளையணு, கிருமின்னு எல்லாத்தையும் சுமக்கற ரத்தப் பிளாஸ்மா லாங்முயர் நினைவுக்கு வந்துச்சாம். குழாயோட வடிவத்துக்கு தன்னை வார்த்துக்கறதால வந்த பேருன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கும் அந்த விளக்கம் ஆசைதான், அப்பா வேலையோட ஒத்துப்போகும். ஆனா பக்கத்துல இருந்த ரெண்டு பேருமே ரத்தத்தைத்தான் சொல்றாங்க. நான் சாட்சி பக்கம்.

1928ல கட்டுரையில பேரு அச்சேறிடுச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து.

மருத்துவப் பத்திரிகைங்க லாங்முயர் கூட்டத்துக்கு எழுத ஆரம்பிச்சுட்டாங்களாம். "உங்க பிளாஸ்மா கட்டுரையோட பிரதி ஒண்ணு அனுப்புங்க"ன்னு! ரொம்ப காலத்துக்கு இந்தத் தொல்லைன்னு மாட்-ஸ்மித்தே அதே கடிதத்துல புலம்பியிருக்கார்.

படிச்சீங்களா? மருத்துவப் பத்திரிகை நடத்தற பெரிய பெரிய ஆளுங்களே இயற்பியல் பிளாஸ்மாவை ரத்தம்னு நினைச்சிருக்காங்க. அவங்களுக்கு யாரும் முட்டை போடல. அக்கா பையனுக்கு மட்டும் ரெண்டு மார்க்கும் போச்சு.

அக்காகிட்ட இதை விளக்கமா சொன்னேன். "அந்த கடிதத்தை கொண்டு போய் மிஸ்கிட்ட காட்டிட்டு வா"ன்னா. போகல. (மிஸ்ஸுன்னா இப்பவும் பயம்.)

அப்பா ரூம்ல படுத்திருந்தேன்னு சொன்னேன்ல? இதையெல்லாம் படிச்ச பிறகு ஒரு நாள் சாயங்காலம் அதே கட்டில்ல படுத்து மேல பாத்தேன். ட்யூப்லைட் ரெண்டு தடவை கண்ணடிச்சு, யோசிச்சு, அப்புறம் எரிஞ்சுது.

அட. இதுதானே அது!

ட்யூப்லைட்டுக்குள்ள இருக்கறது கொஞ்சம் ஆர்கான் வாயு, துளி பாதரசம். கரண்ட் பாய்ஞ்சதும் அது பிளாஸ்மா ஆகுது. அதுல இருந்து வர்றது பெரும்பாலும் கண்ணுக்கு தெரியாத புற ஊதாக் கதிர். அது குழாய்க்கு உள்பக்கம் பூசின வெள்ளைப் பொடியில பட்டு வெளிச்சமா மாறுது. ரத்தத்துல இருந்து பேரைக் கடன் வாங்குன சாமான் நாப்பது வருஷமா என் தலைக்கு மேலயே எரிஞ்சிட்டு இருக்கு. எனக்கு இப்பத்தான் விளங்குது. நம்ம ஊர்ல லேட்டா புரிஞ்சுக்கறவனை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொரு விசித்திரம். அந்தக் குழாய்க்குள்ள ஓடற எலக்ட்ரான்களோட வெப்பநிலை பத்தாயிரம் டிகிரியை தாண்டும். ஆனா ட்யூப்பை தொட்டா வெதுவெதுன்னுதான் இருக்கும். ஏன்னா உள்ள வாயு ரொம்ப கொஞ்சம், எலக்ட்ரான் ரொம்ப லேசு. அது போய் முட்டுனாலும் பெரிய அணுக்கள் சூடாகறதில்ல. கொசு வந்து லாரியில மோதற மாதிரி. (எல்.இ.டி ட்யூப்ல இந்த விளையாட்டே கிடையாது. உள்ள பிளாஸ்மா இல்ல. அப்பா மாத்த விடாததுக்கு இப்ப எனக்கும் ஒரு காரணம் கிடைச்சாச்சு.)

எதிர்வீட்டு அங்கிள் ஒரு காலத்துல பிளாஸ்மா டிவி வாங்கி தெருவையே கூப்பிட்டு காட்டுனார். அதுக்குள்ளயும் இதே கதைதான். நியான், செனான் அடைச்ச குட்டிக் குட்டி அறைங்க லட்சக்கணக்குல. ஒவ்வொண்ணும் ஒரு குட்டி ட்யூப்லைட். 1964ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல, பாடம் சொல்லித் தர்ற கம்ப்யூட்டருக்கு திரையா கண்டுபிடிச்சது. சூடும் அதிகம், கரண்ட் பில்லும் அதிகம். 2014 வாக்குல பெரிய கம்பெனிங்க எல்லாம் தயாரிப்பை நிறுத்திட்டாங்க. அங்கிள் வீட்டுல அது இப்ப சுவத்தோரமா துணி போத்திட்டு நிக்குது.

நம்ம ஊர் கணபதி ஏரியாவுல கேட், கிரில் செய்யற பட்டறை அண்ணன் ஒருத்தர்கிட்ட பிளாஸ்மா கட்டிங் மெஷின் இருக்கு. காத்தை அழுத்தி சின்ன ஓட்டை வழியா விட்டு, அதுக்குள்ள மின்பொறியை பாய்ச்சி, இரும்புத் தகட்டை வெண்ணெய் மாதிரி வெட்டறது. "ஏனுங்ண்ணா, இதுக்கும் ரத்தத்துக்கும் ஒரே பேருன்னு தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"கையை உள்ள விட்டா ரெண்டும் ஒண்ணாயிடும் தம்பி. தள்ளி நில்லு."

சூரியன், நட்சத்திரம், மின்னல் எல்லாம் இதே வகைதான். சூரியனோட மேல்பரப்புல சுமார் 5,500 டிகிரி, நடுவுல ஒன்றரைக் கோடி டிகிரி. அந்த நடுப்பகுதிச் சூட்டுல எந்த அணுவும் தன் எலக்ட்ரானை முழுசா கட்டிப் பிடிச்சு வெச்சுக்க முடியாது. அங்க அணுக்கரு ஒண்ணோட ஒண்ணு இணையற வேலையை பூமியில செஞ்சு மின்சாரம் எடுக்கலாமான்னு பாக்கறவங்களும் உண்டு. நம்ம நாட்டுல காந்திநகர் பக்கத்துல அதுக்குன்னே ஒரு பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. 1989ல ஆதித்யான்னு ஒரு டோகமாக்கை ஓட்ட ஆரம்பிச்சாங்க. காந்தத்தால வளையம் கட்டி பிளாஸ்மாவை அந்தரத்துல நிறுத்தற மெஷின். சுவத்துல பட்டா காரியம் கெட்டுடும். உருவம் பிடிக்கறதுன்னு ஆரம்பிச்ச பேரு, கடைசியில எந்த அச்சுக்குள்ளயும் அடங்காத ஒண்ணை அச்சுக்குள்ள அடைக்கற பாடா வந்து நிக்குது. அப்பாவோட மண் பெட்டி இதுக்கு தாங்காது.

2020ல பிளாஸ்மாங்கற வார்த்தை எல்லார் போன்லயும் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? "பிளாஸ்மா அவசரமாகத் தேவை." கொரோனா வந்து குணமானவங்க பிளாஸ்மாவுல எதிர்ப்புப் புரதம் இருக்கும், அதை ஏத்தினா பிழைச்சுக்குவாங்கன்னு எல்லாரும் ஓடுனோம். நானும் என் சித்தப்பா பையனுக்காக ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன் அடிச்சிருக்கேன். அப்ப ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்: ரத்தம்னா எல்லாருக்கும் கொடுக்கக்கூடியது ஓ நெகட்டிவ். பிளாஸ்மான்னு வந்தா கணக்கு தலைகீழ், ஏபி வகைதான் எல்லாருக்கும் ஆகும். நான் அதுவரைக்கும் ஓ வகை ஆளுங்களாப் பாத்து கூப்பிட்டுட்டு இருந்தேன்.

அப்புறம் ஐ.சி.எம்.ஆர் 39 ஆஸ்பத்திரியில 464 நோயாளிங்களை வெச்சு சோதிச்சதுல, சாவும் குறையல, நோய் முத்தறதும் குறையலன்னு தெரிஞ்சுது. 2021 மே மாசம் சிகிச்சைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. சித்தப்பா பையன் தானா தேறிட்டான்.

இந்தக் குழப்பத்துக்கு தமிழ்ல வழி இல்லாம இல்ல. ரத்தத்துல இருக்கறதுக்கு "குருதி நீர்மம்"னு அழகான பேரு இருக்கு. பாடப்புத்தகத்துல அதை எழுதியிருந்தா பையனுக்கும் மிஸ்ஸுக்கும் சண்டையே வந்திருக்காது. சூரியனைப் பாத்து யாரும் குருதி நீர்மம்னு சொல்லமாட்டாங்க. தமிழ்ப்படுத்தினா தெளிவு கிடைக்குது. ஆனா ஒண்ணு, லாங்முயருக்கு குருதி நீர்மம்னு மட்டும் தெரிஞ்சிருந்தா ட்யூப்லைட்டுக்கு அந்தப் பேரே தோணியிருக்காது. நான் என்ன சொல்றேன்னா, பாடப்புத்தகத்துல தமிழ்ப் பேரைப் போடுங்க, கேள்வித்தாள்லயும் அதையே கேளுங்க. பிளாஸ்மான்னு மொட்டையா கேட்டா ரெண்டு பதிலுக்கும் மார்க் போடுங்க. கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

கடைசியா ஒண்ணு. நகைக்கல் புத்தகத்துல தற்செயலா கண்ணுல பட்டுச்சு.

பிளாஸ்மான்னு ஒரு கல்லும் இருக்கு! கரும்பச்சை நிறம், முத்திரை மோதிரம் செதுக்கறதுக்கு அந்தக் காலத்துல வெச்சிருந்தது. அதே பச்சைக் கல்லுல சிவப்புப் புள்ளி தெறிச்சிருந்தா அதுக்கு வேற பேரு. ஆங்கிலத்துல ரத்தக்கல்லுன்னு அர்த்தம் வர்ற பேரு. கிரேக்கத்துல ஹீலியோட்ரோப், சூரியனைத் திருப்பறதுன்னு அர்த்தம். நம்ம நாட்டுலயும் கிடைக்குது.

ஒரே கல்லுல பிளாஸ்மா, ரத்தம், சூரியன் மூணும்!

பையனை கூப்பிட்டு போன்ல படத்தை காட்டுனேன். ரொம்ப நேரம் பெருசு பண்ணிப் பண்ணி பாத்தான். அப்புறம் படத்தை விட்டுட்டு என் நெத்தியை பாத்தான்.

"மாமா, உங்க தலையில போட்டாங்களே, அது எந்த பிளாஸ்மா? சூரியனா, ரத்தமா?"

"ரத்தம்டா."

"மூணு தடவை போயிட்டு வந்தீங்கல்ல?"

"ம்."

"சூரியனை போடச் சொல்லியிருக்கலாம்."

"போட்டிருந்தா இருக்கறதும் போயிருக்கும்டா."

"இப்ப மட்டும் என்ன மாமா..."ன்னு ஆரம்பிச்சான். அக்கா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்தா. இந்தத் தடவை அவனை.